ஊவா மலையில் ஆராய்ச்சி யாரோடு பேசிற்று?

1869ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இலங்கையின் ஊவாப் பகுதியில், பதுளைக்குக் கிழக்கே பசறைக்கு அப்பால் உயரும் மடுல்சீமை மலைகளில் அமைந்த ஒரு கோப்பித் தோட்டத்தில், இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த சில செடிகள் காணப்பட்டன. அத்தூளின் மாதிரி பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் வழியாக இங்கிலாந்து சென்றது. அயர்லாந்தின் உருளைக்கிழங்கு நோய் ஒரு பூஞ்சணத்தால் விளைந்ததென்று முன்னரே வாதித்துப் புகழடைந்திருந்த பாதிரியார் பெர்க்லி அதை ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற நாமம் சூட்டி இலண்டன் பத்திரிகையொன்றில் வெளியிட்டார். தாவரநோய்ச் சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதுவோர் இவ்விஷயங்களைத் தவறாமற் குறிப்பிடுவர். அதே தோட்டத்தில் களை பிடுங்கியும் பழம் பறித்தும் அந்தச் செடிகளின் நடுவே பகல் முழுதும் நின்ற தமிழ்த் தொழிலாளருக்கு, தங்கள் ஜீவனத்தையே அழிக்கப் போகும் அந்நோய் இன்னதென்று எவரேனும் எடுத்துரைத்தாரா என்ற வினாவை மட்டும் அவர்கள் எழுப்புவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.

சர்வகலாசாலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பணிபுரிவோர் தாம் கண்டதைச் சாதாரண ஜனங்களுக்கு விளங்கவைக்க வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கடமையாகும். 1985இல் பிரித்தானிய ராயல் சங்கத்துக்காக வால்டர் பொட்மர் தலைமையில் அமைந்த குழு வெளியிட்ட அறிக்கை, அதை விஞ்ஞானிகளின் உத்தியோகக் கடமைகளுள் ஒன்றாகவே வற்புறுத்திற்று. அதற்கு முன்னரே, 1962இல் கேரளத்தில் சாஸ்திர சாகித்திய பரிஷத்தும், 1980இல் தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கமும் தோன்றி, பட்டிதொட்டிகளுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுசெல்லும் பணியை மேற்கொண்டன. எனினும் இன்று ஆராய்ச்சியாளருக்கு அளிக்கப்படும் பயிற்சிகளைக் கவனித்தால், எளிய சொல்லை எடு, வாக்கியத்தைக் குறுக்கு, படம் வரை என்ற அளவில், எப்படிச் சொல்வது என்பதோடு அவை பெரும்பாலும் நின்றுவிடுவதைக் காணலாம். ஊவாவின் நூற்றைம்பது ஆண்டு அனுபவமோ வேறிரண்டு வினாக்களை நம்முன் வைக்கிறது. யாருக்குச் சொல்லப்பட்டது என்பது ஒன்று. கேட்டவர் கையில் அதைக்கொண்டு செய்யத்தக்கது என்ன இருந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவே கடினமானது என்பதும், அதற்கு விடை தேடாத விளக்கம் எத்துணைத் தெளிவாயிருப்பினும் பாதி விளக்கமே என்பதும் என் அபிப்பிராயம்.

கோப்பிக் காலத்துக்கே மீண்டும் வருவோம். அக்காலத்து இலங்கையின் ஏற்றுமதியில் கோப்பியே தலைமை பெற்றிருந்தது; ஒரே ஆண்டில் நூறு மில்லியன் இறாத்தலுக்கு மேற்பட்ட கோப்பி கப்பலேறியதும் உண்டு. நோய் பத்தாண்டுகளாகப் பரவி விளைச்சல் சரியத் தொடங்கிய பின்னரே, அதை ஆராய்வதற்கென்று கேம்பிரிட்ஜில் கற்றுத் தேர்ந்த மார்ஷல் வார்ட் என்ற 25 வயது இளைஞரை அரசாங்கம் வருவித்தது. 1880 முதல் ஏறக்குறைய ஈராண்டு காலம் இங்கே தங்கிய அவர் செய்து முடித்த காரியம் வியக்கத்தக்கது. கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களிலே தொங்கவிட்டு, காற்றிலே மிதந்துவந்து அவற்றில் ஒட்டிய வித்திகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்தார். வித்தி இலைமேல் தங்கிய நீர்த்துளியில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து, சில வாரங்களுள் மஞ்சட் புள்ளியாக வெளிப்பட்டு, மீண்டும் ஆயிரமாயிரம் வித்திகளைக் காற்றில் விடுகின்ற அந்தச் சக்கரத்தை ஆதியோடந்தமாக நிரூபித்தார். மண் இளைத்துவிட்டது, உரம் போதவில்லை, பருவம் தவறிவிட்டது என்றெல்லாம் தோட்டத் துரைமார் தத்தமக்குத் தோன்றிய காரணங்களை நம்பி, இன்னும் இன்னும் உரமிட்டுக்கொண்டிருந்த காலம் அது. நோயின் காரணம் வேரிலன்று, இலையில். வியாதி பரவும் பாதை காற்று. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டு வைத்ததே அக்காற்றுக்கு அமைத்துக் கொடுத்த இராஜபாட்டை என்று அவர் எடுத்துக் காட்டினார்.

அவருடைய அறிக்கைகள் அரசாங்கப் பத்திரங்களாக அச்சாகின, பத்திரிகைகளில் விவாதிக்கப்பட்டன. 1881இல் கொழும்பிலே பெர்குசன் தொடங்கிய ‘டிரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ சஞ்சிகையும் அவ்வாண்டுகளின் பயிர்ச் சர்ச்சைகளுக்கெல்லாம் களமாயிற்று. அவ்வகையில், ஆராய்ச்சியாளர் ஒருவர் தமது ஆய்வைப் பொதுமக்களுக்கு, அதாவது அன்றைய இலங்கையில் பொதுமக்கள் எனக் கருதப்பட்ட தோட்ட முதலாளிமாருக்கு, விளக்கிச் சொன்ன மிகப் பழைய உதாரணங்களுள் இஃதும் ஒன்றாகும். ஆயினும் கேட்டவர்கள் திருப்தி கொள்ளவில்லை. அவர்கள் மருந்து கேட்டார்கள்; அவர் காரணத்தைக் கொடுத்தார். வித்தி உட்புகுந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை, புகுமுன் இலையைக் காக்கவேண்டும் என்பதே அவருடைய ஆய்வின் சாரம். அது முற்றிலும் சரியான வார்த்தை. ஆனால் அன்றைக்கு அதைக் கொண்டு செய்வதற்குச் சொற்பமே இருந்தது. இலையைக் காக்கவல்ல செம்புக் கலவை பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிலே பிரசித்தமானது 1885இல். வார்ட் கப்பலேறிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னர். அதற்குள் கோப்பி அழிந்துபோயிற்று. துரைமார் பலர் கடனாளிகளாயினர். கூலி நிலுவையோடு தோட்டங்கள் மூடப்பட, தொழிலாளர் பலர் வந்த வழியே தென்னிந்தியாவுக்குத் திரும்பினர். வார்ட்டைப் பயனற்ற பண்டிதர் என்று அக்காலத்துத் துரைமார் கருதியது நியாயமன்று. எனினும் அவர்களுடைய சலிப்பில் ஓர் உண்மை இருக்கவே செய்தது.

துரைமாரைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது. தொழிலாளரைப் பற்றிச் சொல்வதற்கு ஆதாரமே அரிது. அவர்களோடு பேசுவதற்கென்று துரைமாருக்கு வழிகாட்டும் தமிழ்க் கைந்நூல்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றுள் பிரசித்தி பெற்ற ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’ என்பதுதான். காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்திலே ஆள் பிரித்துவிடவும், வேலை பிசகினால் வைதுகொள்ளவும் போதுமான தமிழ் அந்நூல்களில் உண்டு. தமிழில் விஞ்ஞானத்தை விளக்க அன்று வழியில்லாமையே காரணம் என எவரும் எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இதே தீவின் வடக்கே மானிப்பாயில், சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் உடற்கூற்றையும் இரணவைத்தியத்தையும் தமிழிலே நூலாக்கி, 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்மொழி மூலமே போதித்துக்கொண்டிருந்தார். அங்கே கற்றவர் வைத்தியராகப் போகிறவர். ஆகவே காரணகாரியம் அவருக்குத் தமிழில் சொல்லப்பட்டது. இங்கே கேட்பவர் மண்வெட்டி பிடிப்பவர். ஆகவே கட்டளை மட்டும் போதுமெனக் கருதப்பட்டது.

கோப்பி போய்த் தேயிலை வந்த பின்னரும் இம்முறை மாறிற்றென்று சொல்வதற்கில்லை. 1925இல் தோன்றித் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், உலகத் தேயிலை ஆராய்ச்சியில் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஸ்தாபனம். ஊவாவுக்கென்று பசறையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை ஒடுக்குவதற்கு 1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொணர்ந்து மலைகளிலே பரவச் செய்து வெற்றி கண்டமை, பூச்சியைப் பூச்சியால் வெல்லும் உபாயத்துக்குப் பாடப்புத்தகங்கள் காட்டும் உதாரணமாயிற்று. 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் இலங்கையை எட்டியபோது, வார்ட் சொல்லிச் சென்ற அதே தத்துவம், இம்முறை செம்பு மருந்து கைவசம் இருந்தபடியால், காரியமாயிற்று. வித்தி புகுமுன் இலை காக்கப்பட்டது, தேயிலை பிழைத்தது. சொன்ன வார்த்தை ஏறக்குறைய ஒன்றே. முன்னையது தோற்று, பின்னையது வென்றதன் காரணம், கேட்டவர் கையில் சாதனம் இருந்தமையே.

ஆயினும் ஆராய்ச்சி நிலையத்தில் உதித்த ஒரு கருத்து மலைக்குப் போய்ச் சேரும் வழியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அது சுற்றறிக்கையாகத் துரையின் மேசைக்கு வரும். துரையிடமிருந்து வெளிக்கள உத்தியோகஸ்தருக்கும், அவரிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து கங்காணிக்கும் இறங்கும். ஒவ்வொரு படியிலும் காரணம் சிறிது உதிர்ந்து, பெரட்டுக் களத்தை அடையும்போது ‘இன்றைக்குப் பத்தாம் நம்பர் மலையில் கான் வெட்டு’ என்ற கட்டளை மட்டும் எஞ்சும். மலைச்சரிவில் குறுக்கே ஓடும் அந்தக் கான் எதற்காக, அது தூர்ந்துபோனால் மழைநீர் எங்கே இறங்கும், இறங்கிய நீர் மண்ணை என்ன செய்யும் என்பன வெட்டுகிறவருக்குச் சொல்லப்படுவதில்லை. வெட்டுகிறவரின் குடியிருப்பான லயம் அக்கானுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதை நினைவிற்கொண்டால், உதிர்ந்துபோன அந்தக் காரணத்தின் விலை எவ்வளவு என்பது புலப்படும்.

வாங்குவோர் இருக்குமிடத்தில் விளக்கத்துக்கு ஒருநாளும் பஞ்சமில்லை என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மலைத்தொடரைத் தாண்டி இறங்குகையில் ஈரத்தை இழந்த மேல்காற்று வறண்டு வீசும் மாதங்களில், ஊவாக் கொழுந்தில் ஊறும் அந்தத் தனி மணத்தைப் பற்றியும், அதற்கு ஆதாரமான மெதைல் சலிசிலேற் முதலிய வாசனைப் பொருள்களைப் பற்றியும், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் தேநீர் அருந்துவோருக்குத் தேன்போலும் மொழியில் எழுதிய பிரசுரங்கள் எத்தனையோ. தேநீரின் வாசனை ஏன் உண்டாகிறது என்பது குடிப்பவருக்குத் தெரிந்திருக்கிறது; மலை ஏன் இடிகிறது என்பது பறிப்பவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. இதிலே சதியொன்றும் இல்லை. பணம் எப்பக்கமிருந்து வருகிறதோ அப்பக்கம் நோக்கி விளக்கம் ஒழுகும் என்ற சாதாரண நியதியே இருக்கிறது.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான விஷயத்துக்கு வருகிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வரைபடத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்டவை பதுளை, நுவரெலியா ஆகிய இரு மாவட்டங்களே. அடிப்பாறையின் அமைப்பு, அதன்மேற் படிந்த மண்ணின் தன்மையும் கனமும், சரிவின் கோணம், நீரோட்டம், நிலவடிவம், நிலப்பயன்பாடு என்ற ஆறு அம்சங்களையும் இடத்துக்கிடம் அளந்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பிட்டு, 1:10,000 என்ற அளவில் அபாயத்தின் தரங்களை வரைந்தார்கள். மழைக்கும் அவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தம். 150ஐத் தாண்டினாலோ, அன்றி ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினாலோ, உடனே வெளியேறல். இதைவிட எளிமையாக ஒரு விஞ்ஞான முடிவை எவராலும் சொல்லிவிட முடியாது. சர்வகலாசாலைப் புவிச்சரிதவியலாளர் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய ஞானம், மழைமானி ஒன்றில் கீறிய மூன்று கோடுகளாகச் சுருங்கி வந்திருக்கிறது.

ஹல்துமுல்லைப் பிரிவிலே கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டம், செங்குத்தான மலைமுகத்தின் அடிவாரத்தில், முன்னொரு யுகத்தில் சரிந்து குவிந்த மண்ணும் கல்லும் கலந்த திரளின்மேல் அமைந்தது. அத்தகைய திரள் வெயிற்காலத்தில் திடமாகத் தோன்றும். மழைநீர் இடைவிடாது உட்புகுமானால், மண்மணிகளுக்கிடையே தங்கிய நீரின் அழுத்தம் உயர்ந்து, ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிடி தளர்ந்து, ஒரு கணத்தில் முழுதும் ஓடத் தொடங்கும். அவ்விடம் வாசத்துக்குத் தகுந்ததன்று, குடும்பங்களை இடம்மாற்ற வேண்டும் என்று 2005இலும், மீண்டும் 2011இலும் ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29, தீபாவளி கழிந்து ஒரு வாரம். காலை ஏழரை மணியை ஒட்டிய வேளையில் மலை இறங்கிற்று. லயங்கள் வரிசையோடு மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர்தப்பி, திரும்பி வந்து வீட்டைத் தேடினார்கள்.

அதன்பின் எழுந்த விவாதத்தில் அடிக்கடி கேட்ட வார்த்தை, ‘நாங்கள் முன்னமே சொன்னோம், ஜனங்கள்தான் கேட்கவில்லை’ என்பது. இவ்வார்த்தையை நிதானமாக ஆராய்ந்து பார்க்கவேண்டும். தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் காம்பரா அவருக்குச் சொந்தமன்று. அது நின்ற நிலமும் சொந்தமன்று, நிலம் அரசாங்கத்துக்குரியது, 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளின் கையில். வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்க, வீட்டை விட்டு எழுந்து போகிறவர் எங்கே போவது? வேறிடத்தில் குழி வெட்டி நாலு கம்பு நட்டுக் கூரை போடுவதற்கும் அவருக்கு அதிகாரம் இல்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணியாற்றவே 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரும்வரை சட்டம் தடையாயிருந்தது. இந்நிலையில் ‘போய்விடுங்கள்’ என்ற எச்சரிக்கையை அவர் கேட்கவில்லை என்று சொல்வதைவிட, கேட்டும் செய்வதற்கு ஒன்றும் இல்லாதிருந்தார் என்று சொல்வதே பொருந்தும். எஞ்சியோர் ஈராண்டளவு தற்காலிக இருப்பிடத்தில் வாழ்ந்தபின், 2016இல் மகல்தெனியவில் அவர்களுக்குத் தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. சரிவுக்குப் பின் கொடுக்க முடிந்த வீட்டைச் சரிவுக்கு முன் கொடுத்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர் பொறுப்பாளி அல்லர்; ஆனால் தமது எச்சரிக்கை எவ்வகைச் செவியில் விழுகிறது என்பதை அறிந்திருக்கும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. அறிந்திருந்தால், அந்த எச்சரிக்கை லயத்துக்குச் சென்றதைப் போல நான்கு மடங்கு உரக்கக் கொழும்புக்குச் சென்றிருக்கும்.

மீரியபெத்தையோடு கதை முடிந்துவிடவுமில்லை. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயக் குடும்பங்கள் இருப்பிடம் இழந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கொட்டிய மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் ஒருங்கே இடிந்து உயிர்களை வாங்கின.

ஜனங்களுக்குச் சொல்வது ஒருபுறமிருக்க, ஜனங்கள் சொல்வதைக் கேட்பது என்ற மறுபக்கமும் இதற்கு உண்டு. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளில் பெய்த மழையோடு கதிர்வீச்சுத் துகள்கள் இறங்கின. ஆட்டு விற்பனைக்கு மூன்று வாரத் தடை போதும், அதற்குள் சீசியம் மண்ணிலே கட்டுண்டுவிடும் என்று விஞ்ஞானிகள் உறுதி கூறினர். அவ்வுறுதி களிமண் நிலத்தை ஆதாரமாகக் கொண்டது. மேட்டு நிலத்தின் புளித்த கரிமண்ணிலோ சீசியம் கட்டுப்படாமல் புல்லுக்கு ஏறிக்கொண்டேயிருந்தது. சில பண்ணைகளில் தடை 2012 வரை நீண்டது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துப் பிரயன் வின் அங்குள்ள ஆட்டிடையரோடு பேசி எழுதிய ஆய்வில் வெளிப்பட்டது யாதெனில், தம்முடைய மண்ணையும் மந்தையையும் பற்றி அவர்கள் அறிந்திருந்தவற்றுள் பல விஞ்ஞானிகளுக்கு அவசியமாயிருந்தும், விஞ்ஞானிகள் அவர்களைக் கேட்கவேயில்லை என்பது. பிழை பட்டது மலைவாசிகளின் அறிவன்று. சமதரையில் செய்த கணக்கை மலைக்கு ஏற்றிவிட்ட அறிவே பிழைபட்டது.

ஊவாவிலும் அதே கேள்வி இருக்கிறது. மண்சரிவுக்கு முன் காணப்படும் அடையாளங்கள் என்று ஆராய்ச்சி நூல்கள் கூறுவன எவை? நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று தோன்றும் ஊற்று, நெடுநாள் ஓடிய ஊற்று வற்றிப்போதல், தெளிந்த நீர் கலங்கி வருதல். பீலித் தண்ணீருக்குக் குடம் ஏந்தி நிற்கும் பெண், அது என்றைக்குக் கலங்கிற்று என்பதை எந்தக் கருவிக்கும் முன்னதாக அறிவாள். முப்பது ஆண்டு ஒரே மலையில் கொழுந்து பறித்தவருக்கு எந்த வரிசையில் செடி சாய்ந்தது என்பது தெரியும். இவை வெறும் கர்ணபரம்பரை அல்ல. தேதி குறித்து எழுதிவைத்தால் சாஸ்திரத்துக்கு உகந்த தரவுகள். இவற்றைத் தமிழில் எழுதிக்கொள்ள ஒரு கொப்பியும், யாரிடம் ஒப்படைப்பது என்ற ஏற்பாடும், ஒப்படைத்தவருக்கு மறுமொழி சொல்ல ஒரு மனிதரும் வேண்டும். செலவு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. சிரத்தை ஒன்றே வேண்டுவது.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. லயங்களுக்கு வினாக்கொத்தோடு வருகிற ஆராய்ச்சியாளருக்குக் குறைவில்லை. வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளையின் நிறை எவ்வளவு, வீட்டில் குடிப்பவர் உண்டா என்று கேட்டு, இஸ்தோப்பில் அமர்ந்து, கொடுத்த பிளேன் டீயையும் குடித்துவிட்டு, விடைகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள். பட்டம் கிடைக்கிறது, கட்டுரை வெளியாகிறது, மகாநாட்டில் கைதட்டு எழுகிறது. உங்கள் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் கண்டது இதுதான் என்று அந்த இஸ்தோப்புக்குத் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். அதனால் தோட்ட ஜனங்கள் இப்போது வினாக்கொத்துக்குப் பதில் சொல்லப் பழகியிருக்கிறார்கள். கேட்பவருக்கு உவப்பான பதில் எது என்று முகத்தைப் பார்த்தே அறிந்து, அதைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். விளக்கம் திரும்பி வராத இடத்தில் தரவும் இப்படிக் கெட்டுப்போகிறது. ஆய்வை எடுத்துரைத்தல் என்பது ஆய்வு முடிந்தபின் செய்யும் தர்மகாரியம் அன்று, ஆய்வின் ஓர் அங்கமே என்று நான் கருதுவதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

பதுளைக்கு இப்போது சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பசறை வீதியிலேயே அமைந்திருக்கிறது. கோப்பி நோயின் முதற்செடிகள் நின்ற மடுல்சீமைக்கும், தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பசறைக் கிளைக்கும் போகிற பாதை அதுதான். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கு பட்டப்படிப்பு உண்டு. போதனை ஆங்கிலத்தில், ஆய்வேடும் ஆங்கிலத்தில். உலகத்தோடு உரையாடுவதற்கு அது தேவைதான். பதுளை மாவட்டத்து மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டங்களோடு பந்தமுடையோர். ஹல்துமுல்லை உள்ளிட்ட பல பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, ஊவாவின் மண்ணையோ மக்களையோ பொருளாகக் கொண்ட ஆய்வேடு ஒவ்வொன்றோடும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமும், நான்கு பக்கச் சிங்களச் சுருக்கமும் சேர்ந்தாலன்றி அவ்வேடு பூரணமாயிற்றென்று ஏற்பதில்லை என்ற விதியைப் பல்கலைக்கழகம் வகுத்துக்கொள்வதற்குத் தடை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எழுதுவதற்கு ஆளும் இருக்கிறது. லயத்திலே பிறந்து உயர்தரப் பரீட்சை தேறி அந்த வாயிலைக் கடந்து உட்சென்ற பிள்ளைகள், கானும் கவ்வாத்தும் இன்னதென்று அகராதி பாராமலே அறிந்தவர்கள். அவர்களுக்குச் சொற்பஞ்சம் ஏது? அச்சுருக்கத்தின் கடைசிப் பக்கம், இதைக் கொண்டு இன்னார் இன்னது செய்யலாம், இன்னது செய்வதற்கு இன்னாருடைய அனுமதி வேண்டும் என்று தெளிவாகக் கூறவேண்டும். அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதத் தொடங்கும்போதுதான், தாம் இதுவரை யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்பது பல ஆராய்ச்சியாளருக்குப் புலப்படும்.

பல்கலைக்கழகம் விதி வகுக்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இதை வாசிப்போருக்கு இல்லை. ஒக்டோபரில் தொடங்கும் இடைப்பருவ மழையும், அதைத் தொடர்ந்து பெப்ரவரி வரை நீளும் வடகீழ்ப் பருவமுமே ஊவாவின் அபாயகாலம். உங்களுடைய லயம், அல்லது உங்கள் உறவினரின் லயம், 1:10,000 வரைபடத்தில் எந்தத் தரத்தில் அடங்கியிருக்கிறது, அதைப் பற்றி ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவேண்டியவர் யார் என்பவற்றை, மழை தொடங்குமுன் எழுத்திலே கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அவ்விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டியது தகவல் உத்தியோகஸ்தரின் கடமையாகும்.